ஜெப அட்டையில் நின்ற பெண்

தருமபுரியிலிருந்து கடத்தூர் போகும் பஸ்ஸில், ஆப்பிரிக்காவில் கிறிஸ்தவ ஊழியம் செய்துவிட்டு விடுமுறைக்கு வந்திருந்த ஒரு தாய் இரண்டு பையன்களோடு எனக்கு முன் சீட்டில் இருந்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்த சபைக்கார அம்மா கேட்டார்.

"பொண்ண எங்கங்க வுட்டுட்டு வந்தீங்க?"

"எனக்குப் பொண்ணே இல்லீங்கக்கா."

அந்த அம்மா பைபிளுக்குள்ளிருந்து, தங்களுக்காக ஜெபிக்கச் சொல்லி இவர்கள் போட்டோ போட்டுச் சபைகளுக்கு அனுப்பியிருந்த குடும்ப ஜெப அட்டையை எடுத்தார்.

"போட்டோவுல உங்க பக்கத்துல நிக்கிறாளே?"

"அச்சடிச்சு வந்தப்புறந்தான் நாங்களே பாத்தோங்க. போட்டோ எடுத்த ஊருல யாருக்கும் அவளத் தெரியல."

"ஐயோ, புள்ளைங்க மூணும் உங்கள வுட்டுப் பிரியவே கூடாதுன்னு தெனமும் ஜெபம் பண்ணினேனே!"

தாய், இரண்டு பையன்களும் தங்களுக்கு நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு விட்டிருந்த காலி இடத்தைப் பார்த்தாள்.

"அதனாலதாங்களாக்கா?"