தோளில் வைக்காத கை

உங்கள் நாற்காலி வசதியாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஏறி இறங்கிய அலுவலகங்களில் இப்படி ஒன்று கிடைத்ததில்லை. பட்டாளத்தில் மேஜராக இருந்தவன், வரவேற்பறைப் பெண்ணிடம் விசிட்டிங் கார்டைக் கொடுத்துவிட்டுத் தேவுடு காத்துக் கிடப்பேன். உள்ளே விட்டால், என் பாதி வயதுக்காரன் ஒருவன் போனை நோண்டிக்கொண்டே, "செக்யூரிட்டியா? ஏற்கெனவே ஆள் இருக்காங்களே" என்பான். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவிட்டு வருவேன்.

காவலாட்களை அனுப்பும் என் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது சார்ஜென்ட்தான். அதை நான் மறைக்கப் போவதில்லை. எல்லையில் என் கீழ் இருந்தவன். நில் என்றால் நிற்பான், அதனால் அங்கே அவனுக்குக் கடப்பாரை என்று பேர். ஓய்வு பெற்று வீட்டில் சும்மா கிடந்தவனை நான்தான் கூட்டிவந்தேன். அவன் மனைவிக்கு நான் அண்ணா, எனக்கு அவள் தங்கச்சி. என் சட்டையில் பொத்தான் போயிருந்தால்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது.

எங்கள் பிரிவில் ஒரு விதி இருந்தது, நான் போட்டது. எதிரிகள் ஒலிபெருக்கியில் எங்கள் மொழியிலேயே, எங்கள் அதிகாரிகள் குரலிலேயே கூப்பிட்டு, காவல் நிற்பவர்களை வெளியே வரவைத்துச் சுட்டார்கள். ஆகவே, காவலில் நிறுத்தியவரே நேரில் வந்து தோளில் கை வைத்தால்தான் நகர வேண்டும். ஒலிபெருக்கியில் நானே கூப்பிட்டாலும் அசையக் கூடாது. பயிற்சியின்போது நான் கை ஒலிபெருக்கியை வாயருகே வைத்துக்கொண்டு கெஞ்சுவேன், திட்டுவேன், அழுவதுபோலக்கூட நடிப்பேன். ஏமாந்து வந்தவனுக்குத் தண்டனை உண்டு. சார்ஜென்ட் ஒரு தடவைகூட ஏமாறவில்லை. அந்தப் பிரிவிலிருந்து என் கம்பெனிக்கு வந்தவனும் அவன் ஒருவன்தான்.

'எங்கள் ஆள் இடத்தைவிட்டு நகரமாட்டான்' என்று சொல்லித்தான் வியாபாரம் பிடித்தேன். பிடித்துத் தந்தது நான், பேர் வாங்கியது அவன். நாளாக ஆக, போனில் எல்லாரும் "சார்ஜென்ட் இருக்காரா?" என்றே கேட்டார்கள். நான் எடுத்தால் அவர்கள் குரலில் சுரத்து இறங்கிவிடும். கடைசியில் ஒரு பெரிய நிறுவனம் எங்களை வாங்க வந்தது. சார்ஜென்ட் தலைமையில் கம்பெனி நடக்க வேண்டுமாம். நான் ஆலோசகராக, எப்போதாவது வந்து போகலாமாம். என் கம்பெனியில் நான் ஒப்புக்குச் சப்பாணி.

அவன் முகமெல்லாம் பல்லாக என் அறைக்கு வந்தான். "ஐயா, இவ்வளவு நாள் ஓடியாச்சு. இனிமே நான் பாத்துக்கறேன். நீங்க நிம்மதியா ரெஸ்ட் எடுங்க" என்றான். மனசாரத்தான் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது. நல்லது, நல்லது என்று கை குலுக்கி அனுப்பினேன்.

மறுநாள் காலை ரசாயனக் கிடங்கு ஒன்றில் ஒரு காவலாள் வரவில்லை. வேறு ஆள் அனுப்பியிருக்கலாம். நான் சார்ஜென்டை அழைத்துப்போய், டிரம்கள் அடுக்கிய உள்கூடத்தின் கம்பிக் கதவருகே நிறுத்தினேன். நாளைய தலைவர் ஒரு நாள் வாட்ச்மேன் வேலை பார்க்கட்டும் என்று ஓர் அற்ப ஆசை. தோளில் கை வைத்து, "பழைய விதிதாம்ப்பா" என்றேன். அவனுக்கு ஒரே சிரிப்பு. "சரிங்க ஐயா. எல்லைக்கே திரும்பிப் போன மாதிரி இருக்கு" என்றான்.

டிரம் உடைந்ததற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அது தானாக உடைந்தது. நான் வெளி கேட்டில் காரில் ஏறப்போனபோது சங்கு ஊதியது, வேலையாட்கள் இருமிக்கொண்டு ஓடிவந்தார்கள். கிடங்கின் பாதுகாப்பு அதிகாரி, சின்னப் பெண், கண்ணெல்லாம் சிவந்து என்னிடம் வந்தாள்.

"சார், உங்க ஆள் நகரவே மாட்டேங்கிறார். மேஜர் ஐயா வரட்டும்னு ஒத்தக் கால்ல நிக்கிறார்."

கேட் சுவரில் முகமூடிகள் தொங்கின. அவள் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள், இன்னொன்றைத் தானே மாட்டப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "நீ போக வேண்டாம்மா. நான் கூப்பிட்டா வந்துடுவான்" என்றேன். பிறகு அவள் இடுப்பில் தொங்கிய கை ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கினேன்.

முழு மனதோடு கூப்பிட்டேன். "வெளிய வாப்பா, இது என் உத்தரவு" என்றேன். கெஞ்சினேன். குரல் தழுதழுத்தது. பக்கத்தில் நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். புகை விலகிய ஒரு கணம் கம்பிக் கதவுக்குப் பின்னால் அவன் தெரிந்தான். என்னைப் பார்த்தான், என் கையில் இருந்ததையும் பார்த்தான். மேஜர் பரீட்சை வைக்கிறார் என்று நினைத்திருப்பான். குதிகால் சேர்த்து விறைத்து நின்றான். நான் இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். தீயணைப்புக்காரர்கள் வந்து தூக்கும்போது உயிர் இல்லை.

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களால முடிஞ்சதைச் செஞ்சீங்க சார்" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

பிறகு உங்கள் அறிக்கை வந்தது. 'மேலதிகாரி பலமுறை உத்தரவிட்டும் கீழ்ப்படியாததால் மரணம்.' அதனால் தங்கச்சிக்கு நஷ்ட ஈடு இல்லை என்று இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்களாம். அவள் நேற்று என் வீட்டுக்கு வந்தாள். பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. "அண்ணா, உங்க பேச்சைத் தட்டிட்டாரே மனுசன். மனசுல வச்சுக்காதீங்கண்ணா" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

அவன் மானத்தைக் காப்பாற்றத்தான் இங்கே வந்தேன். வேறு ஒன்றுமில்லை. என் கம்பெனிப் பையன்கள்கூட, மேஜர் தொண்டை கிழியக் கத்தியும் கேட்காதவன் என்று பேசிக்கொள்கிறார்கள். காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கீழ்ப்படியாமல் என்ற அந்த வார்த்தையை மட்டும் இப்போதே, என் கண் முன்னால் அடித்துவிடுங்கள். என் உத்தரவை இதுவரை ஒருத்தனும் மீறியதில்லை.