சித்தப்பா என்று வந்தவரைப் பெட்ரோல் பங்கில் விட்டு வந்தது குறித்து

நான் அரசு வரவேற்பு இல்லத்தின் வேன் டிரைவர். வயது ஐம்பத்திரண்டு. இல்லத்தின் பின்புறமுள்ள பணியாளர் குடியிருப்பில் மனைவியோடு வசிக்கிறேன். பெரியவர் துணையில்லாமல் எல்லை தாண்டி வரும் அகதிப் பிள்ளைகளை அரசு அந்த இல்லத்தில்தான் வைத்துப் பார்க்கிறது. நான் ஒரு பிள்ளையைக் கடத்தியதாக இந்தக் காவல் நிலையத்துக்குப் புகார் வந்திருப்பதாக நீங்கள் சொன்னதால், நடந்ததைச் சொல்கிறேன்.

நான் ஒரு சந்தேகப் பிராணி. பால்காரர் சிரித்தால்கூட இன்றைக்குத் தண்ணீர் அதிகம் என்று நினைக்கிற ஆள் என்று என் மனைவி சொல்வாள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு வக்கீல் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம்.

இன்று காலை, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவர் இல்லத்துக்கு வந்து, எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்றுக்குத் தான் சித்தப்பா என்றார். கண்காணிப்பாளர் பிள்ளையைக் கூப்பிட்டு, "இவரு உன் சித்தப்பாவா?" என்று கேட்டார். பிள்ளை "ஆமா" என்றது. அதோடு விசாரணை முடிந்தது. நான் மனசு கேட்காமல், வேறு எதுவும் பார்க்க வேண்டாமா மேடம் என்று கேட்டதற்கு, "பிள்ளையே ஆமாங்குது. நாளைக்கு இன்னொரு பஸ் நிறையப் பிள்ளைங்க வருதுங்க, படுக்க வைக்க இடமில்ல. சொந்தம் தேடி வந்திருக்கு, நீங்க ஏன்ணே நோண்டுறீங்க?" என்றார். அதன் பிறகு இருவரையும் வந்தவர் சொன்ன முகவரியில் விட்டுவர வேனை எடுத்தேன்.

இப்படிப் பல சொந்தங்களை ஏற்றிப் போயிருக்கிறேன். வேன் கேட்டைத் தாண்டுவதற்குள் அழுவார்கள், ஏன் இப்படி இளைத்துப்போனாய் என்று திட்டுவார்கள், அம்மா எங்கே, யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று பிள்ளையைத் துளைத்து எடுப்பார்கள். இவர் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சிறிது தூரம் போன பிறகு என்னிடம்தான் கேட்டார்: "வீட்ல விட்டதுக்கப்புறம் ஆபீஸ்லேந்து யாராச்சும் வந்து பாப்பாங்களா?"

"இதுவரைக்கும் யாரும் போனதில்லீங்க" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். சொன்ன நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

அதன் பிறகு பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். அவர் கழிவறைக்குப் போனார். நான் பிள்ளையின் பக்கம் திரும்பி, "நான் உனக்குப் பெரியப்பாதானே?" என்று கேட்டேன். பிள்ளை என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தது. எந்தப் பதிலுக்கு நான் சந்தோஷப்படுவேன் என்று பார்த்தது. பிறகு, "ஆமா பெரியப்பா" என்றது.

காலையில் அவருக்குச் சொன்ன அதே ஆமா. அவர் திரும்பி வருவதற்குள் வேனை எடுத்துவிட்டேன். அவருடைய பை வேனிலேயே இருக்கிறது, நான் அதைத் திறக்கவில்லை.

அவர் உண்மையிலேயே சித்தப்பாவாக இருக்கலாம். அப்படியென்றால் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அதை விசாரித்துச் சொல்ல வேண்டியது அரசாங்கம், எட்டு வயதுப் பிள்ளையும் வேன் டிரைவரும் அல்ல.

அதன் பிறகு கண்காணிப்பாளருக்குப் போன் செய்தேன். "ஒப்படைச்சாச்சுண்ணே. இனிமே அது நம்ம பிள்ளை இல்ல. திரும்பச் சேர்க்கணும்னா மேலேர்ந்து உத்தரவு வரணும்" என்றார். அதனால்தான் வேனை நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு ஓட்டி வந்தேன். நீங்கள் போன் செய்து கேட்டபோதும் அதே பதில்தான் வந்தது. இப்போது சித்தப்பா என்று புகார் கொடுத்தவர் வெளியே, பிள்ளையைக் கூட்டிப்போக ஆட்டோவை நிற்க வைத்துக் காத்திருக்கிறார்.

மேலே சொன்னவை அனைத்தும் நானே பார்த்தவை, கேட்டவை, செய்தவை. வாசித்துக் காட்டினீர்கள், சரியாக இருக்கிறது. ஆனால் பிள்ளை இன்று யார் பொறுப்பில் போகிறது என்று இதன் கீழே எழுதி, அந்தப் பொறுப்பை ஏற்றவர் முதலில் கையெழுத்துப் போடட்டும். அதற்கு அடுத்ததாக நான் போடுகிறேன்.

(வாக்குமூலம் அளித்தவர் கையெழுத்திடவில்லை. அவர் கையெழுத்திடும் இடத்துக்கு மேலே, பிள்ளைக்குப் பொறுப்பேற்பவருக்காக விடப்பட்ட இடமும் காலியாக உள்ளது.)