கரடு ஏறிய வண்டி

அன்னக்கொடி: மச்சான்... மச்சான்! கொஞ்சம் மெதுவா! முந்தானை பறந்து ஊரைக் கூப்புடுது!

மலையாண்டி: நாப்பதுலதான் போறேன் புள்ள.

அன்னக்கொடி: நாப்பதா! பஸ்ஸுல போகையில இப்படித் தெரியாதே... புளியமரம் அம்புட்டும் நம்மளப் பாத்து ஓடி வருது!

மலையாண்டி: கண்ணைத் தெறந்துட்டியா? ஆரப்பாளையத்துல ஏறும்போது மூடுனவ.

அன்னக்கொடி: காளவாசல்லயே தெறந்துட்டேன். ஒங்ககிட்டச் சொல்லல, அம்புட்டுத்தான்.

மலையாண்டி: சரி, இப்பச் சொல்லு. இது மூணாவது வண்டி. பன்னெண்டு மணிக்குள்ள புரோக்கர் மொக்கைச்சாமி அண்ணன்கிட்டத் திருப்பிக் குடுத்து, வேணுமா வேணாமான்னு சொல்லியாகணும்.

அன்னக்கொடி: காலைல மொதல்ல பாத்தமே, அந்த ஸ்கூட்டரு... எம்புட்டு அழகு! சீட்டு மெத்தை மாதிரி இருந்துச்சு.

மலையாண்டி: சக்கரம் இட்லித் தட்டு அளவுக்குத்தான இருக்கு? தார் ரோட்டுக்குச் சரி. நான் பால் சொசைட்டி சூப்பர்வைசரு. காலைல டவுனு ஆபீஸு, மத்தியானம் கம்மாக்கரை, சாயங்காலம் வண்டிப்பாதை. ஒரு பள்ளத்துல எறங்குனா வண்டி அங்கிட்டு, நான் இங்கிட்டு.

அன்னக்கொடி: அப்ப ரெண்டாவதாப் பாத்த புல்லட்டு? அதுல நீங்க ஒக்காந்தப்ப இன்ஸ்பெக்டரு கணக்கா...

மலையாண்டி: இன்ஸ்பெக்டருக்கு நாம சேத்து வச்ச நாலாயிரம் பத்தாது. இன்னொரு நாலாயிரம் வேணும். ஒங்க வீட்டுச் சீரா வரப்போகுது?

அன்னக்கொடி: வண்டிய நிறுத்துங்க, நான் எறங்கிக்கிறேன்.

மலையாண்டி: சும்மா சொன்னேன் கொடி.

அன்னக்கொடி: சும்மா சொல்றதுக்கு வேற பேச்சே இல்லியா? அத்தை மகனுக்குன்னு பேசி வச்ச பொண்ணு ஒங்களக் கட்டிக்கிட்டு வந்துருச்சுன்னு, ரெண்டு வருசமா எங்கப்பா என் மொகத்தையே பாக்கல. இதுல சீரு ஒண்ணுதான் கொறச்சல்.

மலையாண்டி: தப்புத்தான். வாய்ல போட்டுக்கிறேன். நல்லாப் புடிச்சுக்க, தார் ரோடு முடியுது.

அன்னக்கொடி: முடியுதா? எங்க திரும்புறீக? நாகமலை வரைக்கும் போயிட்டுத் திரும்பிருவோம்னுதான சொன்னீக?

மலையாண்டி: தாருல எந்த வண்டியும் ஓடும். இந்த ராஜ்தூத்து வண்டிய மண்ணுலயும் கல்லுலயும் விட்டுப் பாக்க வேணாமா?

அன்னக்கொடி: மச்சான்... இது எங்க ஊருக்குப் போற பாதை.

மலையாண்டி: அப்படியா?

அன்னக்கொடி: அப்படியாவா! கரட்டுக்கு இந்தப் பக்கம் பஸ்ஸு நிக்கும், கரடு ஏறி எறங்குனா எங்கூரு. இது தெரியாமலா என்னையத் தேடி வந்தீக? திருப்புங்க. எங்கப்பா பாத்தா...

மலையாண்டி: ஊருக்குள்ள போகல. கரட்டு உச்சி வரைக்கும்தான். ரெண்டு ஆள வச்சு ஏறிட்டா இது நம்ம வண்டி. ஏறலைன்னா எனக்கு சைக்கிளே போதும்.

அன்னக்கொடி: ஏறாது. மாட்டு வண்டியே ஏறாது. பாதையெல்லாம் உரலு உரலாக் கல்லு கெடக்கும்.

மலையாண்டி: பாப்போம். ரெண்டாவது கியரு...

அன்னக்கொடி: ஐயோ! என்ன சத்தம் இது?

மலையாண்டி: மேடுல்ல, மூச்சு வாங்குது.

அன்னக்கொடி: நான் எறங்கித் தள்ளவா?

மலையாண்டி: எறங்குனா சோதனை செல்லாது. காலம் பூரா ஒன்னையும் சேத்துல்ல இது சொமக்கணும்.

அன்னக்கொடி: அம்புட்டுக் கனமாவா இருக்கேன்?

மலையாண்டி: கட்டும்போது கனமில்ல. இப்பத்தான் ரெண்டு வருசமா... ஏய், கிள்ளாத! வண்டி ஆடுது!

அன்னக்கொடி: ஏறுது மச்சான்... ஆத்தாடி, நெசமாவே ஏறுது! கொம்பு சீவுன காளை மாதிரி! எப்படி மச்சான்?

மலையாண்டி: உச்சி வந்துருச்சு. கால ஊனிக்கிட்டேன், எறங்கு.

அன்னக்கொடி: சின்னப்புள்ளைல இருந்து இந்தக் கரட்டுல வெறகு பெறக்கியிருக்கேன். குனிஞ்சே ஏறுவேன், தலைல கட்டோட குனிஞ்சே எறங்குவேன். இங்கன நின்னு நிமிந்து பாத்ததே இல்ல... என்னா மச்சான் அது, வெள்ளித் தாம்பாளத்தப் பரப்பி வச்ச மாதிரி?

மலையாண்டி: கம்மாயி. பெஞ்ச மழைக்கு எல்லாக் கம்மாயும் நெறஞ்சு கெடக்கு.

அன்னக்கொடி: எம்புட்டு! ஒண்ணு... நாலு... ஏழு... எண்ண எண்ண வருதே! அந்தக் கடைசில கருப்பாப் படுத்துக் கெடக்குறது?

மலையாண்டி: யானைமலை. அதுக்கு இங்கிட்டு, என் விரலு போற பக்கம் பாரு.

அன்னக்கொடி: கோபுரம்! நாலும் தெரியுது! கீழ நின்னு அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்குமே... இங்கன என் கட்டை விரலுக்குள்ள அடங்கிப் போச்சு! நம்ம வில்லாபுரம் எங்க இருக்கு?

மலையாண்டி: அந்தப் பொகை மூட்டத்துக்குள்ள எங்கயாச்சும் இருக்கும்.

அன்னக்கொடி: இம்புட்டுத்தான் தூரமா? இம்புட்டுப் பக்கத்துல இருந்துக்கிட்டா நான் ரெண்டு வருசமா அழுதேன்?

மலையாண்டி: ... இந்தப் பக்கம் திரும்பு. ஒங்க ஊரப் பாரு.

அன்னக்கொடி: மாட்டேன்.

மலையாண்டி: ஒருக்கப் பாரு புள்ள.

அன்னக்கொடி: ... எங்க வீட்டுக்குப் புதுக் கூரை வேஞ்சிருக்காக. முருங்கை மரம் அப்படியே இருக்கு... மச்சான்.

மலையாண்டி: ம்.

அன்னக்கொடி: பாதையப் பாருங்க. கல்லு பூராம் ஓரத்துல கெடக்கு. ஒத்த வண்டி போற அகலத்துக்கு... பெறட்டுன எடத்துல மண்ணு இன்னும் ஈரமா இருக்கு. அந்தப் பக்கமும் இப்படித்தான், எங்க வாசல் வரைக்கும்! நான் வண்டியோட கெட்டிக்காரத்தனம்னுல்ல நெனச்சேன்!

மலையாண்டி: வண்டியும் கெட்டிக்கார வண்டிதான். பாதையப் பஞ்சாயத்துல சரி பண்ணியிருப்பாக.

அன்னக்கொடி: நான் பொறந்ததுல இருந்து பண்ணாத பஞ்சாயத்தா? ... ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது.

மலையாண்டி: சொல்லு.

அன்னக்கொடி: பத்து நாளைக்கு முன்ன அப்பாவுக்கு ஒரு காயிதம் போட்டேன். ஒங்களுக்குத் தெரியாம.

மலையாண்டி: அடி ஆத்தி!

அன்னக்கொடி: வண்டி வாங்கப் போறோம்னு எழுதுனேன். அப்பறம்... 'அப்பன் வீட்டுக்கு ஏன் போகலன்னு அக்கம்பக்கத்துல கேக்குறாகப்பா. பாதை பூராம் கல்லு, அதான் போக முடியலன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்...'

மலையாண்டி: '...இன்னும் எம்புட்டு நாளைக்குப்பா அதையே சொல்ல?'

அன்னக்கொடி: ஆமா, அதேதான் எழு... மச்சான்! ஒட்டித்தான போட்டேன்? எங்கப்பாவுக்கு எழுத்தே தெரியாதே, அங்கன யாராச்சும் படிச்சுக் காட்டட்டும்னுதான... ஒங்களுக்கு எப்படித் தெரியும்?

மலையாண்டி: நான்தான் படிச்சுக் காட்டுனேன். ஒங்கிட்டச் சொல்லாம நானும் மாசா மாசம், பால் விசயமா வந்த மாதிரி ஒங்கப்பா வாசல்ல போய் நிப்பேன். ரெண்டு வருசமா மனுசன் ஏறிட்டே பாக்கல. அன்னைக்குத் தபால்காரரு குடுத்துட்டுப் போனதும், எங்கிட்ட நீட்டுனாரு. படிச்சேன். இன்னொருக்கப் படின்னு கையக் காட்டுனாரு. ரெண்டாவது தடவ முடிச்சு நிமிந்து பாத்தா ஆளு அங்க இல்ல... கடப்பாரையத் தோள்ல வச்சுக்கிட்டு இந்தக் கரட்டப் பாத்து நடந்துக்கிட்டு இருக்காரு.