ஆறாவது நம்பிக்கை

பிள்ளைக்குப் பெயர் வைக்கச் செய்யும் யோசனையில் கால்வாசிகூட அந்தக் காலத்தில் கப்பலுக்குச் செய்யவில்லை. முதலாளியின் மனைவி பெயர், அது இல்லாவிட்டால் ஏதாவதொரு நல்ல வார்த்தை. அதனால்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மட்டும் ‘நம்பிக்கை’ என்ற பெயரில் எங்கள் துறைமுகத்துக்கு ஐந்து சரக்குக் கப்பல்கள் வந்துபோயிருக்கின்றன. ஐந்துதான் ஐயா. ஆறாவது என்னுடையது.

விசாரணை என்று கூப்பிட்டிருக்கிறீர்கள், எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. துறைமுக ஆவண அறையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். பதினான்கு படி கீழே இறங்க வேண்டும். ஒரு மேசை, எதிரெதிராக இரண்டு நாற்காலி. அந்த இரண்டாவது நாற்காலியில் பத்தொன்பது வருடம் தூசியைத் தவிர யாரும் உட்காரவில்லை. பிறகு வாத்தியார் வந்தார்.

கணக்கு வாத்தியார், ஓய்வு பெற்றவர், மனைவி தவறி ஒரு வருடம் ஆகியிருந்தது. அவருடைய கொள்ளுத்தாத்தா ‘நம்பிக்கை’ என்ற கப்பலில் தச்சராகப் போய்த் திரும்பாதவர். கடலில் செத்தாரா, வேறொரு துறைமுகத்தில் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டாரா, தெரியாது. சொந்தக்காரர்கள் இரண்டாவதைத்தான் நம்பினார்கள். சுவாரசியமானது அதுதானே. நான்கு தலைமுறையாக ‘ஓடிப்போனவன் வீடு’ என்றுதான் அவர்களைச் சொல்வார்களாம்.

“எந்தக் கப்பல்னு மட்டும் தெரிஞ்சா போதும் தம்பி. ஒரு மாசத்துல முடிச்சிட்டு உங்கள விட்டுடுறேன்” என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரே பெயர் என்றால் எவ்வளவு தொல்லை தெரியுமா? மே மாதம் ‘நம்பிக்கை’ மூழ்கியதாகச் செய்தி இருக்கும். ஜூனில் ‘நம்பிக்கை’ வந்து உப்பு இறக்கியதாகப் பதிவு இருக்கும். மூழ்கியது ஒன்று, உப்பு சுமந்தது வேறொன்று. எத்தனை பாய்மரம், எத்தனை டன், தலைவன் யார் என்று பார்த்துப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். வாத்தியார் கப்பலுக்கு ஒரு நிறமாக அட்டை போட்டார். முதல் நம்பிக்கை தீப்பிடித்தது. இரண்டாவதை எவனோ வாங்கிப் பெயரை மாற்றிவிட்டான். மூன்றாவது மணல்திட்டில் ஏறி உட்கார்ந்து அங்கேயே உளுத்தது. நான்காவது சூறாவளியில் போனது.

“என்ன தம்பி, ஒரு நம்பிக்கையும் உருப்படலயே” என்பார். இருவரும் சிரிப்போம். கீழே சிரிப்புச் சத்தம் கேட்டு மேலிருந்த காவலாளி ஒருநாள் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

ஒரு மாதம் நான்கு மாதமானது. ஒரு செவ்வாய்க்கிழமை அவர் பல் பிடுங்கப் போயிருந்தபோது ஐந்தாவது கப்பலின் கட்டு என் கையில் கிடைத்தது. ஆள்பட்டியலில் தச்சரின் பெயர். பக்கத்தில், ‘காய்ச்சலில் மரணம், கடலில் அடக்கம்’. கூடவே மனைவிக்கு அவர் எழுதி, போய்ச் சேராமல் கிடந்த ஒரு கடிதம், இரண்டு பக்கம். மனிதர் ஓடிப்போகவில்லை. வீடு திரும்ப நாளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

கொடுக்கத்தான் நினைத்தேன். ஆனால் கொடுத்தால் புதன்கிழமை வாத்தியார் எனக்கு நன்றி சொல்வார், வியாழக்கிழமை வரமாட்டார். கட்டு முழுவதையும் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

பிறகு ஆறாவது நம்பிக்கையைக் கட்டினேன். தாளைத் தேநீரில் ஊறவைப்பதெல்லாம் கற்றுக்குட்டிகளின் வேலை. பழைய பதிவேடுகளின் கடைசியில் எழுதாமல் விட்ட பக்கங்கள் என்னிடம் நூற்றுக்கணக்கில் இருந்தன. மூன்று பாய்மரம், நானூற்றுப் பன்னிரண்டு டன், முன்கோபக்காரத் தலைவன், எலியைப் பிடிக்காத ஒரு பூனை. பூனையை வாத்தியாருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தச்சர் என்று பெயரில்லாமல் ஒருவரை ஏற்றிவைத்தேன். அடுத்த துறைமுகத்தில் பெயர் வரும் என்று வாத்தியார் காத்திருந்தார். அந்தக் கப்பல் ஆறு வருடம் துறைமுகம் துறைமுகமாகப் போனது. மகள் தன்னோடு வந்து இருக்கும்படி எத்தனையோ முறை கூப்பிட்டாள். கப்பல் கரை சேரட்டும் என்று சொல்லிவிட்டார்.

கண் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தாளில் அதைத்தான் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறீர்கள்.

அவருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறியது. அறுவை செய்யாமல் தள்ளிப்போட்டால் போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகள் என்னிடம் தொலைபேசியில் பேசினாள். “நீங்க சொன்னாதான் அப்பா கேப்பாரு சார்.”

சொன்னேன். “ஆபரேஷன முடிச்சிட்டு வாங்க சார், அந்தச் சமையல்காரனோட நாட்குறிப்பு எங்க ஓடிடப்போகுது?” என்றேன். எந்த நாட்குறிப்பு என்று கேட்டார். அறுவைக்குக் குறித்திருந்த தேதி போனது. அடுத்த தேதிக்கு முந்தின நாள் தலைவனின் கடிதம் அகப்பட்டது. மூன்றாவது தேதிக்கு நான் வாயே திறக்கவில்லை. அவராகத்தான், புதிதாக ஏதாவது வந்ததா என்று கேட்டார். வந்தது என்று பொய் சொல்ல மனம் வரவில்லை. அன்று வீட்டுக்குப் போய் எழுதிக்கொண்டுவந்து, மறுநாள் உண்மையாகவே வந்தது என்றேன்.

அதன்பிறகு அவரால் வாசிக்க முடியவில்லை. காவலாளி கையைப் பிடித்துப் படி இறக்கிவிடுவார், நான் வாசித்துக் காட்டுவேன். ஒருவிதத்தில் எனக்கும் எழுதும் சிரமம் குறைந்தது. கையில் கிடைத்த தாளை வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போவேன். இந்த ஒன்றரை வருடம்தான் எங்கள் ஆராய்ச்சி மிக வேகமாக நடந்தது.

போன மாதம் மகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவோரம் நின்றிருக்கிறாள். நான் வாசித்து முடித்ததும் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். விடுப்பு விண்ணப்பப் படிவம், அதுவும் நிரப்பாதது. அவள் சத்தம் போடவில்லை. அப்பாவை மேலே அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பி வந்தாள்.

“எங்கப்பாவ என்ன சார் பண்ணிட்டீங்க?”

“துணைக்கு இருந்தேம்மா” என்றேன்.

அவள் உங்களுக்குப் புகார் எழுதினாள். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லையாம், சொன்னால் தாங்கமாட்டார் என்று பயம். பாருங்கள், அவளும் என்னைப்போலத்தான் யோசிக்கிறாள்.

இழுப்பறைச் சாவி இதோ. கட்டு உள்ளே பத்திரமாக இருக்கிறது. தச்சரின் கடிதத்தை மகளே வாசித்துக் காட்டட்டும் என்கிறீர்கள். வேண்டாம் ஐயா. அந்தக் காலத்துக் கையெழுத்து அவளுக்குப் பிடிபடாது. வாத்தியாருக்கும் என் குரல்தான் பழக்கம். நானே வாசிக்கிறேன், கடைசியாக ஒரு தடவை, உள்ளது உள்ளபடி. தச்சர் எழுதிப் பழகாத மனிதர், பாவம், இரண்டு இடம் சப்பென்று இருக்கிறது. அதை மட்டும் கொஞ்சம் சரிசெய்துகொள்கிறேன்.