பதினோராம் நம்பர் பிஸ்டல்

...அட, அதெல்லாம் இல்லைண்ணே, பிஸ்டல் மேல பழியைப் போடாதீங்க! குறி தப்பினவங்க எல்லாரும் மொதல்ல சொல்றது அதைத்தான். சரி சரி, நீங்க சொல்லல. நீங்க எதைத்தான் வாயத் தெறந்து சொல்லியிருக்கீங்க! உங்களுக்கு மௌனச்சாமின்னு பேரு வெச்சதே நான்தானே. ஆனா இந்த ஃபாரத்தை என் மேசையில வெச்சுட்டு, கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்? பத்து குண்டுல மூணு தடவை சிக்கிக்கிச்சு, அதனால வருஷாந்தரத் தேர்வுல ஃபெயிலு. ஆயுதத்துல கோளாறுன்னு நான் எழுதிக் குடுத்தா மறுதேர்வு உண்டு. கோளாறு இல்லைன்னு எழுதினா, இத்தன வருஷமா நீதிபதியம்மா கூடவே காவலுக்குப் போன மனுஷன், நாளையிலேர்ந்து கேட்டுல நின்னு வண்டி நம்பர் எழுதணும். நல்லா இருக்கு கதை! இதை என் தலையில கொண்டாந்து வெச்சிட்டீங்க.

குடுங்க இங்க. குண்டு போடுற மேகசினைக் கழட்டியாச்சு. மேல இருக்கிற ஸ்லைடை இழுத்து, உள்ள குண்டு இல்லைன்னு பாத்தாச்சு. சுண்டுவெரலையும் விட்டுப் பாத்தாச்சு. என்ன சிரிக்கிறீங்க? எங்க வீட்டுக்காரர் அடுப்பு கேஸை மூடிட்டேன்னு சத்தியமே பண்ணினாலும், நான் போய்த் தொட்டுப் பாத்துட்டுத்தான் படுப்பேன். இந்த ஆயுத அறைக்கு நான் வந்து பதினாறு வருஷம் ஆகுது, ஒரு சின்ன விபத்து உண்டா? கேட்டுப் பாருங்க யாரை வேணா!

உங்க காவலருங்க சுத்தம் பண்ற லட்சணம் இருக்கே... ஐயோ, அதைச் சொன்னா பொழுது போயிரும். சொல்றேன் கேளுங்க. ஒருத்தர், அதான் அந்த வழுக்கைத் தலைக்காரரு, எண்ணெய் தீந்து போச்சுன்னு தலைக்குத் தேய்க்கிற வாசனை எண்ணெயை ஊத்திக் கொண்டாந்தாரு. தலையில முடி இல்ல, பிஸ்டலுக்காவது மொளைக்கட்டும்னு நெனைச்சாரோ என்னவோ! ரெண்டு நாளைக்கு இந்த ரூமே கல்யாண வீடு மாதிரி மணத்துது. இன்னொரு மகராசன் பாத்திரம் வெளக்குற சோப்பைப் போட்டுக் கழுவி, மொட்டை மாடியில காய வெச்சிருக்காரு. நான் கத்தின கத்துல மேலதிகாரியே ஓடி வந்துட்டாரு.

உங்களை அப்படிச் சொல்ல மாட்டேன். நீங்க ஒழுங்கான ஆளு. இதோ பிரிக்கிறேன் பாருங்க... ஸ்லைடு வந்துருச்சு, ஸ்பிரிங்கு, பேரலு. பேரல் வழியா வெளிச்சத்தைப் பாருங்க, பளபளன்னு இல்ல? இதுல கோளாறுன்னு எப்படி எழுதுறது? ம்? பொய் எழுதச் சொல்றீங்களா?

இந்தத் துணியா? எங்க வீட்டுக்காரர் பனியன். புதுசுதான். பஞ்சு மாதிரி மெத்துன்னு இருந்துச்சு, மனசு கேக்கல, கிழிச்சுட்டேன். காக்கா தூக்கிட்டுப் போச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன், பாவம், அவரும் ரெண்டு நாளா காக்காவைத் திட்டிக்கிட்டிருக்காரு. நீங்க போட்டுக் குடுத்துராதீங்க! நீங்க எங்க குடுக்கப் போறீங்க...

தேர்வு வெச்ச பயிற்சியாளர் ஃபாரத்துல என்ன எழுதியிருக்காரு? "ஒவ்வொரு முறையும் ஸ்லைடு முழுமையாக முன்னால் வந்து மூடவில்லை." ஆமா, பெரிய கண்டுபிடிப்பு! உறையில இருக்கிற தூசி உள்ள போயிருக்கும். நீதிபதியம்மா கார்ல ஜன்னலத் தெறந்து வெச்சுக்கிட்டு ஒய்யாரமா போறீங்கல்ல, அந்தத் தூசி. அழுக்கைத் தொடச்சு, ஸ்லைடு ஓடுற தடத்துல ரெண்டு பக்கமும் ஒரே ஒரு சொட்டு எண்ணெய்... ஒரு சொட்டுதான்ணே, குளிப்பாட்டக் கூடாது... மாட்டியாச்சு. இப்ப பிஸ்டலோட மூக்கை மேல பாக்கப் பிடிச்சு, ஸ்லைடை இழுத்து மெதுவா விட்டா, தானா போய் டக்குன்னு மூடும் பாருங்க.

...

இருங்க. இன்னொரு தடவை.

என்ன இது? பாதியில நிக்குது! எண்ணெய் போட்டாச்சு, தொடச்சாச்சு, அப்புறம் என்ன கேடு? ஸ்பிரிங்கு தளந்து போயிருக்கு. ஆனா அது எப்படித் தளரும்? போன வாரம்தானே பன்னெண்டு பிஸ்டலுக்கும் புது ஸ்பிரிங்கு மாத்தினேன்? பதிவேட்டைப் பாருங்க, பதினோராம் நம்பர், மாத்தியாச்சு, என் கையெழுத்து. கணக்கா பன்னெண்டுதான் வந்துச்சு, பன்னெண்டும் போட்டாச்சு. டிராயர் காலி. இதோ, நீங்களே...

ஐயையோ.

இந்தப் பொட்டலம் எப்படி இங்க? பிரிக்கவே இல்ல. மேல பதினொண்ணுன்னு எழுதியிருக்கு. என் கையெழுத்துதான்.

இருங்கண்ணே, இருங்க... அன்னிக்கு என்ன நடந்துச்சு? பிஸ்டலைப் பிரிச்சுப் போட்டிருந்தேன். எங்க நாத்தனார் ஃபோன் பண்ணினா. அவ மருமகளைப் பத்தி ஆரம்பிச்சா முக்கா மணி நேரம் ஆகும். நானும் சும்மா இருந்தேனா, எனக்கும் சொல்ல ஆயிரம் இருந்துச்சு. தோள்ல ஃபோனை இடுக்கிக்கிட்டே எல்லாத்தையும் மாட்டினேன். பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டி... கையெழுத்தும் போட்டு...

அண்ணே. நீங்க அன்னிக்கு இங்கதானே நின்னீங்க? பிஸ்டலை வாங்கிட்டுப் போக. ஒரு வெரலைத் தூக்கி என்னமோ சொல்ல வந்தீங்க. பொட்டலத்தைக் காட்டினீங்க! நான்தான் "சித்த இருங்கண்ணே, பேசிக்கிட்டிருக்கேன்ல"ன்னு... அதை டிராயர்ல தள்ளிட்டேன். நீங்களும் இந்தம்மாவுக்குத் தெரியாததான்னு விட்டுட்டீங்க. இப்பவும், வந்ததுலேர்ந்து எத்தனை தடவை வாயத் தெறந்தீங்க? நான் எங்க விட்டேன்!

கோவம் வரலையா உங்களுக்கு? திட்டியாவது தொலைங்களேன். எனக்கு ரொம்ப அசிங்கமா இருக்குண்ணே. நெஜமாத்தான் சொல்றேன்.

குடுங்க ஃபாரத்தை. ஆயுதத்துல கோளாறு... உண்டு. டிக் போட்டாச்சு. மறுதேர்வுக்கு சிபாரிசு... ஆமா. இங்க ஒரு கட்டம் இருக்கு, காரணம்னு. தேய்மானம்னு எழுதலாம். யாரும் கேக்க மாட்டாங்க...

ச்சே. வேணாம். எனக்கு மெமோ வந்தா வரட்டும். தேய்மானம்னு எழுதினா, பிஸ்டலைப் பாத்துக்கத் தெரியலைன்னு உங்களைத்தான் ஒண்ணு சொல்லுவாங்க.

இந்தாங்க, படிச்சுப் பாருங்க. "புது ஸ்பிரிங் மாற்றப்படவில்லை. பராமரிப்பாளர் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். காவலர் சொல்ல முயன்றார்."

சரியா எழுதியிருக்கேனாண்ணே? சொல்லுங்க. நான் பேசல.