பின் கழுத்துக்கு ஒரு கை

முரண்டு பிடிக்கும் தந்தியையும் மூன்றே திருகலில் வழிக்குக் கொண்டுவரும் எங்கள் அவைத் தலைவர் அவர்களே, முட்டி வலித்தாலும் பெடலை விடாத முதுபெரும் வாசிப்பாளர்களே, இத்தனை பெரிய பெட்டியை வீட்டுக்குள் நுழையவிட்ட பெருமனம் படைத்த தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

பெடல் ஸ்டீல் கிட்டாரில் ஒற்றைக் கழுத்தா, இரட்டைக் கழுத்தா, யுனிவர்சலா, எதை வாங்குவது என்று பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் என் மனம் நடுநிலையில் இல்லை.

புதியவர்களுக்குச் சொல்கிறேன், மேசை போல் கால் ஊன்றி நிற்கும் இந்த வாத்தியத்தில் தந்தி கட்டிய பலகைதான் கழுத்து. ஒற்றைக் கழுத்தில் பத்துத் தந்தி, பாதிச் சுமை. உருகி வாசிக்க அது போதும். இரட்டைக் கழுத்தில் முன்னே பத்து, பின்னே பத்து. முன்னது இழையும், பின்னது முழங்கும். யுனிவர்சலோ ஒரே கழுத்தில் பன்னிரண்டு தந்தி. இரண்டு குரலும் அதற்குள் அடக்கம்.

பின்வரிசை அண்ணன் சிரிக்கிறார். தெரியும் அண்ணே, இரட்டைக் கழுத்து வாங்கியவர்களில் பாதிப் பேருக்குப் பின் கழுத்து முழங்கை வைக்கிற திண்டுதான். ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். என் கணவர், லேத் ஓட்டுபவர். முன் கழுத்து எனக்கு, பின் கழுத்து அவருக்கு. நான் எழுந்தால் அவர் உட்காருவார். அந்த நாற்காலி சூடு ஆறியதே இல்லை.

இரண்டு ஆண்டுக்கு முன் பட்டறையில் அந்த லேத் இயந்திரம் அவருடைய இடக்கை விரல்களை எடுத்துக்கொண்டது. தந்தி மேல் எஃகு உருளையை நகர்த்தும் கை அது. உருளை நகராமல் சுருதி ஏது? சுகம் ஏது?

“இத வித்துட்டு யுனிவர்சல் வாங்கிக்கோ. தூக்கவும் லேசு. என் பாட்டையும் நீயே வாசிச்சுக்கலாம்” என்றார்.

கடைக்குப் போய் வாசித்துப் பார்த்தேன். அவருடைய அடித்தந்திகள் அத்தனையும் என் கைக்குள் வந்தன. அவர் வரவில்லை. அவையோரே, இருபது தந்தியை விற்கலாம், எட்டுப் பெடலை விற்கலாம், அவர் எழட்டும் என்று நான் காத்து நின்ற நேரத்தை எந்தக் கடையில் விற்பது? ஒரே வீட்டில் இருக்கும் மனிதருக்காக ஏங்குகிறேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போன வாரம் அவரை வற்புறுத்தி உட்கார வைத்தேன். மீட்ட வலக்கை இருக்கிறது, மிதிக்கக் கால்கள் இருக்கின்றன. இடப்பக்கம் நின்று, பின் கழுத்தில் உருளையை நான் பிடித்தேன்.

“மேல போ” என்றார். போனேன். “அவ்வளவு இல்ல, கொஞ்சம் கீழ. வேணாம் விடு. நம்ம வீட்டு நாயே கேக்க முடியாம எழுந்து போயிடுச்சு.”

“அது வெளிய போற நேரங்க. நீங்க மீட்டுங்க.”

மீட்டினார். மறுநாளும் மீட்டினார். நான்காம் நாள் மூன்று சுரங்கள் ஒழுங்காகச் சேர்ந்தன. அடுத்ததில் என் கை வழுக்கியது. “காது எங்க வச்சிருக்க?” என்று திட்டினார். அவர் என்னைத் திட்டி எத்தனை நாளாயிற்று. அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

ஆகவே அன்பர்களே, தோள் வலி உள்ளவர்கள் ஒற்றை வாங்குங்கள். இரண்டு குரலுக்கும் ஆசைப்படுகிறவர்கள் யுனிவர்சல் வாங்குங்கள். நான் எதையும் வாங்கப் போவதில்லை, விற்கப் போவதுமில்லை. எங்கள் இரட்டைக் கழுத்து இதோ மேடை ஓரத்தில் நிற்கிறது. தூக்கி வந்த இருவருக்கும் நன்றி. மூன்றாம் வரிசையில் தலை குனிந்திருப்பவர்தான் அவர். பேச்சு மட்டும்தான், வாசிப்பு இல்லை என்று சொல்லி அழைத்து வந்தேன்.

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றியும் வணக்கமும். ஏங்க, வந்து உட்காருங்க. கோவமெல்லாம் வீட்டுல வச்சுக்கலாம். தப்பு வந்தா அது என் கைதான்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்.