கால்மாட்டில் நின்றவள்

பகல் பன்னிரண்டரை மணி. ஊருக்கு வெளியே, தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு நீளமான சாலை. இரண்டு பக்கமும் தகரக் கொட்டகைகள். ஒரு மரம் கிடையாது. ஈ காக்கா கிடையாது. வெயில் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தது...

"அக்கா, நிறுத்துங்க." வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் குறுக்கே வந்தாள். "பேய்க்கதைன்னு சொல்லிட்டு, பட்டப்பகல்ல ஆரம்பிக்கிறீங்க?"

உச்சிவேளை என்று ஒன்று இருப்பதே இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. பேசாமல் கேள் என்றேன். எங்கள் கம்பெனி பஸ் நடுவழியில் படுத்துவிட்டது. வேறு பஸ் வர நேரமாகும். பேட்டரி போய்விடும் என்று டிரைவர் உள்விளக்கையும் அணைத்துவிட்டார். ஏழெட்டுப் பெண்கள், நடுவில் இருந்த சீட்டுகளில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே மையிருட்டு. இன்னும் கொஞ்சம் நெருங்கி வாருங்கள், நான் சத்தமாகச் சொல்லப்போவதில்லை என்றேன்.

இது என் அறைத்தோழியின் சித்திக்கு நடந்தது. சித்தியை நானும் பார்த்திருக்கிறேன். பொய் சொல்லத் தெரியாத மனுஷி. அவளுக்கு வந்த வம்பில் பாதி அதனால் வந்ததுதான்.

அந்தச் சாலையின் கடைசியில் ஒரு மாடிக் கட்டடம். பெண்கள் விடுதி. ஜன்னல்களில் உள்பக்கமாகக் கறுப்புத்தாள் ஒட்டியிருக்கும். ஏனென்றால் அங்கே இருந்தவர்களுக்குப் பகல்தான் ராத்திரி. பெரிய ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வருகிற படுக்கைவிரிப்புகளை ராத்திரி முழுக்கத் துவைத்து, உருளை மெஷினில் விட்டுத் தேய்த்து, மடித்து அனுப்புகிற வேலை. மெஷினுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. துணி கொதிக்கக் கொதிக்க வெளியே வரும். முதல் மாதத்திலேயே விரல்நுனி வெந்து, ரேகை மழுங்கிவிடும்.

சித்தப்பா இருந்தும் இல்லாத மாதிரி. அண்ணன் வீட்டில் ஒரு ஓரமாகக் கிடந்த சித்தி, "நாப்பது வயசுலயாவது சொந்தக் கால்ல நிக்கிறேன்" என்று வெளிநாட்டுக்குக் கிளம்பி வந்தவள். வந்த புதிதில் அவளுக்கு எல்லாமே பிடித்திருந்தது. தன் பெயரில் சம்பளம். தனக்குப் பிடித்த சோப்பு. யாருடைய மூஞ்சியையும் பார்த்துச் சாப்பிட வேண்டியதில்லை. அக்கா மகளிடம், அதாவது என் அறைத்தோழியிடம், போனில், "ஏசி ரூம்டி, மகாராணி மாதிரி இருக்கேன்" என்று சிரிப்பாள். பாஸ்போர்ட்டை மேனேஜர் வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டதை மட்டும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லவில்லை.

வந்த முதல் நாள், வேலை முடிந்து குளித்துவிட்டுக் கட்டிலில் படுத்தாள். கண் செருகுகிற நேரம். சாவிக்கொத்துச் சத்தம்... சலக்... சலக்... வாசல் பக்கமிருந்து மெதுவாக வந்தது. தலைவலித் தைலத்தின் வாசனை. அதற்கு அடியில் ப்ளீச்சிங் பவுடர் நெடி. ஒவ்வொரு கட்டிலாக நின்று நின்று வந்தது. பக்கத்துக் கட்டிலின் கால்மாட்டில் போர்வை விலகுகிற சத்தம். பிறகு இவள் கால்மாட்டில். போர்வை விலகியது. இரண்டு விரல்கள் இவளுடைய கால் கட்டைவிரலைப் பிடித்தன. அப்படியொரு சில்லிப்பு. லேசாக அழுத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டன. சாவிச் சத்தம் அடுத்த கட்டிலுக்குப் போனது.

யாரோ சூப்பர்வைசர் என்று நினைத்துச் சித்தி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

அங்கே யாரும் இல்லை.

சாயங்காலம் எழுந்ததும் கேட்டாள். ஒவ்வொருத்தியும் ஏதோ வேலை இருக்கிற மாதிரி நகர்ந்துவிட்டாள். கடைசியில் பக்கத்துக் கட்டில்காரிதான் சொன்னாள். எல்லோரும் அவளை ஒல்லிக்குச்சி என்பார்கள். சின்ன வயது.

"அது வார்டன்க்கா. போன வருஷம் அந்த வாசல் நாற்காலியில உக்காந்தபடியே போயிட்டாங்க. உயிரோட இருக்கும்போதும் இப்படித்தான். நாங்க போர்வைக்குள்ள தலகாணியை வச்சுட்டு வெளிய போயிடுவோமோன்னு, தினம் மத்தியானம் காலைப் பிடிச்சுப் பாத்துட்டுத்தான் கதவைப் பூட்டுவாங்க."

"செத்த அப்புறமுமா?"

"காலை மடக்கிப் படுக்காதீங்கக்கா. நீட்டியே வைங்க. அவ்வளவுதான்."

அந்த வார்டனும் நம்மைப் போலப் பிழைக்க வந்தவள்தான். உருளை மெஷினில் வேலை பார்த்து, விரல் வெந்து, அப்புறம் சாவிக்கொத்து கைக்கு வந்தவள். அவள் செத்ததும் கம்பெனி புது ஆள் போடவில்லை. கதவுக்குப் பூட்டும் போடவில்லை. எதற்கு? ஒருத்தி ஒரு மத்தியானம், மகளோடு நிம்மதியாகப் போன் பேசலாமென்று நழுவி வெளியே போயிருக்கிறாள். திரும்பி வந்து படுத்து எழுந்தபோது இடது காலை ஊன்ற முடியவில்லை. பாதம் நீலம் பாரித்து மரக்கட்டையாகக் கிடந்தது. மேனேஜர் அவளை ஊருக்கு அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு எவளும் வாசல்படி தாண்டவில்லை. உலகத்திலேயே சம்பளமில்லாமல், லீவும் இல்லாமல் வேலை பார்க்கிற ஒரே வார்டன்!

பஸ்ஸில் ஒருத்தி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

சித்திக்குச் சின்ன வயதிலிருந்தே சுருண்டு படுத்தால்தான் தூக்கம் வரும். இரண்டு நாள் நீட்டிப் பார்த்தாள். மூன்றாம் நாள் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அண்ணன் வீட்டில்தான் காலை மடக்கு, கையை மடக்கு என்று ஆயிரம் சட்டம். கடல் தாண்டி வந்தும் அதேதானா? முழங்காலை நெஞ்சுவரை இழுத்து, சுருண்டு படுத்துக்கொண்டாள்.

சலக்... சலக்... வந்து நின்றது. போர்வை விலகியது. கை, காலியான விரிப்பைத் தட்டியது. நின்றது. இன்னும் கொஞ்சம் மேலே தட்டியது. இன்னும் மேலே... மெத்தை அமுங்கி அமுங்கி, அந்தக் கை கட்டிலில் ஏறி வந்தது. முழங்கால்வரை வந்து, தடவிக் கீழே இறங்கி, கட்டைவிரலைக் கண்டுபிடித்தது. இந்தத் தடவை அழுத்தம் லேசாக இல்லை. சித்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள். காலை மட்டும் நீட்டவில்லை. ஒரு வாரத்துக்கு அந்த விரலில் உணர்ச்சியே இல்லை. ஆனாலும் மறுநாளும் சுருண்டுதான் படுத்தாள்.

"பயமே இல்லியா அவங்களுக்கு?" என்று ஒரு குரல் கேட்டது.

பயம் இல்லாமல் இருக்குமா? நடுங்கிக்கொண்டேதான் படுத்தாள். படுத்தாள், அவ்வளவுதான்.

அந்த நாட்களில்தான் துணி ஏற்றுகிற வேன் டிரைவர் ஒரு சேதி சொன்னார். ஆஸ்பத்திரித் துணியை எடுக்கப் பிணவறைப் பக்கமாகப் போகிற மனுஷர். "உங்க வார்டனம்மாவை ஊருக்கு அனுப்பியாச்சுன்னா சொன்னாங்க? அவங்க இன்னும் இங்கதான் ஐஸ் பெட்டியில இருக்காங்க. கேக்க ஆள் இல்ல. கம்பெனி கையெழுத்துப் போட மாட்டேங்குது."

சித்தி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பிறகு ஒருநாள். நான் முதலில் சொன்னேனே, பகல் பன்னிரண்டரை மணி... அந்த நேரம். ஒல்லிக்குச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் புரண்டாள். வலதுபக்கம் அடிவயிறு. நெருப்பாகக் கொதித்தது உடம்பு. வாந்தி. கத்தினால் வார்டன் வந்துவிடுவாள் என்று போர்வையைப் பல்லுக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். சித்திதான் போர்வையைப் பிடுங்கினாள்.

"எந்திரிங்க எல்லாரும். இவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்."

யாரும் எழவில்லை. "அது வந்துட்டுப் போகட்டும்க்கா. அப்புறம் போலாம்" என்றாள் ஒருத்தி, போர்வைக்குள்ளிருந்தே.

"அது எல்லார் காலையும் தடவி முடிக்கிற வரைக்கும் இவ தாங்க மாட்டா."

சித்தி தனியாக அவளைத் தோளில் சாய்த்து வாசலுக்கு இழுத்து வந்தாள். கைப்பிடியைத் தொட்டாள். தொட்ட கை ஒட்டிக்கொண்டது, அவ்வளவு குளிர்ச்சி. அந்தப்பக்கம், பூட்டே இல்லாத கதவில், பூட்டு திரும்பியது... க்ளக்.

தைல வாசனை குப்பென்று எழுந்தது. வாசல் நாற்காலியிலிருந்து சலக் என்று ஒரு சத்தம். வெறும் பிளாஸ்டிக் நாற்காலி. வார்டன் போனபிறகு அதை யாரும் நகர்த்தியதில்லை.

சித்தி ஒல்லிக்குச்சியைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்த நாற்காலிக்கு நேராக நின்றாள்.

"ஏம்மா, யாருக்குக் காவல் காக்கிற நீ? நீயும் எங்களை மாதிரி கை வெந்தவதானே? கையில சாவியைக் குடுத்ததும் எங்க கதவைச் சாத்திட்ட. சரி, அப்போ சம்பளம் வாங்கின. இப்போ யாரு குடுக்கிறா?"

சலக்... சலக்... வேகமாகக் கேட்டது.

"சும்மா ஆட்டாதே. எனக்கும் பயமாத்தான் இருக்கு, அதுக்காக வாயை மூடமாட்டேன். உன் பாஸ்போர்ட்டும் அந்த மேனேஜர் பீரோவுலதான் கெடக்கு. தெரியுமா உனக்கு? உன்னை ஊருக்கு அனுப்பிட்டேன்னு எங்ககிட்ட சத்தியம் பண்ணான். நீ இன்னும் ஐஸ் பெட்டியிலதான் கெடக்கிற. உன் வீட்டுல அழுதாங்களான்னுகூடத் தெரியல. நீ இங்க உக்காந்து எங்க கால்விரலைப் பிடிச்சுப் பாத்துக்கிட்டிருக்கிற!"

சத்தம் நின்றது.

பெண்கள் ஒவ்வொருத்தியாகப் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தார்கள். ஏசி ஓடுகிற சத்தம் மட்டும். அப்போது சித்தி செய்த காரியத்தை, பார்த்தவர்கள் இன்றைக்கும் கையைக் கட்டிக்கொண்டுதான் சொல்கிறார்கள். நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"தினம் எங்க காலைப் பாக்கிறியே. எங்கே, உன் காலைக் காட்டு."

வெறும் காற்றில் கையைத் துழாவினாள். தரைக்குச் சற்று மேலே... கை நின்றது.

ஒரு பாதம்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் விரல்களுக்குத் தெரிந்தது. வெடித்த குதிகால். நகம். கட்டைவிரலைச் சுற்றி இறுக்கிக் கட்டிய ஒரு ஈரக் கயிறு. கயிற்றில் தொங்குகிற ஒரு அட்டை. பிணவறையில் கட்டுவார்களே, அது. கயிறு சதைக்குள் இறங்கியிருந்தது. சித்தி அந்தப் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நகத்தால் முடிச்சைக் கெல்லினாள். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழு.

பட்.

க்ளக் என்று கதவு தானாகத் திறந்துகொண்டது. வெள்ளை வெயில் உள்ளே பாய்ந்தது. கறுப்புத்தாளுக்குள் கிடந்து பழகிய கண்கள் கூசிப்போயின. யார் முதலில் எழுந்தார்கள் என்று தெரியாது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். போர்வையிலேயே ஒல்லிக்குச்சியைக் கிடத்தி, ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் அந்தச் சாலையில் நடந்தார்கள். பகல் ஒரு மணி வெயில். தார் கொதித்தது. யாரும் நிற்கவில்லை.

பின்னால்... சலக்... சலக்...

"திரும்பிப் பாக்காதீங்க" என்றாள் சித்தி. "வந்தா வரட்டும். ரோடு என்ன அந்த மேனேஜர் அப்பன் வீட்டு ரோடா?"

சாலை பிரிகிற இடத்தில் இவர்கள் இடதுபக்கம் திரும்பினார்கள். அங்கேதான் ஆஸ்பத்திரி. சாவிச் சத்தம் இடதுபக்கம் திரும்பவில்லை. வலதுபக்கமாகப் போனது. போகப் போகத் தேய்ந்து... நின்றது.

வலதுபக்கம் கம்பெனி ஆபீஸ்.

ஒல்லிக்குச்சிக்குக் குடல்வால் வெடிக்கிற நிலை. உடனே ஆபரேஷன். பிழைத்துக்கொண்டாள். சாயங்காலம் வேலைக்கு ஏற்றிப்போக வேன் வந்தபோது யாரும் ஏறவில்லை. அன்று ராத்திரி மெஷின் ஓடவில்லை. நேராக ஆபீசுக்குப் போனார்கள். போலீஸ் வந்தாலும் சரி, பாஸ்போர்ட் கைக்கு வராமல் நகர்வதில்லை என்று வழியெல்லாம் பேசி, யார் என்ன கேட்பது என்றுகூட முடிவுசெய்துகொண்டு போனார்கள். ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது. பீரோ திறந்து கிடந்தது. எல்லாப் பாஸ்போர்ட்டும் மேஜைமேல். மேனேஜர் வாயே திறக்கவில்லை. வார்டன் உடம்பை ஊருக்கு அனுப்பக் கையெழுத்து கேட்டாள் சித்தி. அதையும் அங்கேயே போட்டுக் கொடுத்தார். அந்த வாரமே பெட்டி விமானம் ஏறியது. ஏற்றிவிடப் போனவள் சித்திதான்.

சித்தி ஊருக்குத் திரும்பவில்லை. "பயந்து ஓடினேன்னு எவனும் சொல்லக்கூடாது" என்று அதே நகரத்தில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள். வாடகை அறை. சாவி அவள் இடுப்பில். சில மாதம் வேலை இருக்கும், சில மாதம் இருக்காது. போனில் இப்போதும் மகாராணிதான். இப்போதும் சுருண்டுதான் தூங்குகிறாள்.

ஒன்றை மட்டும் சித்தி ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை. அக்கா மகளிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

பாஸ்போர்ட்டை எடுக்க அவள் குனிந்தபோது, மேஜைக்கு அடியில் பார்வை போயிருக்கிறது. அங்கே மேனேஜருடைய ஷூ இரண்டும் ஜோடியாக வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் சாக்ஸ், ஆஸ்பத்திரித் துணி மாதிரி ஓரம் பிசகாமல் மடித்திருந்தது. அந்தப் பெரிய மனுஷர் இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி, தொடைக்கு அடியில் செருகி, சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். இவர்கள் இருந்த நேரம் முழுக்கக் காலைக் கீழே இறக்கவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்தப் போனபோதுதான் முதல் தடவையாகப் பேசினார். குரல் குழந்தைக் குரல் மாதிரி இருந்ததாம்.

"சாத்தாதீங்க... அவங்க இன்னும் இங்கதான் இருக்காங்க."